கை பழகும் வரை

மேலக்கல்லூரணியில் மார்கழியில்கூட யாரும் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கியது கிடையாது. அப்படிப்பட்ட ஊரில், அந்த வருஷம் ஆனி மாதம், நூலகத்து மாடியில் கம்பளி நூலால் குரோஷா பின்னக் கற்றுத்தரப் போகிறார்கள் என்று சொன்னதும் இருபத்திரண்டு பெண்கள் பெயர் கொடுத்தார்கள். கற்றுத்தர வந்தவள் புது ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவி பெனிட்டா. குன்னூரில் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகி, ஒரு நாளைக்கு நான்கே ரயில் நின்று போகிற இந்த வெக்கை பிடித்த ஊருக்கு வந்து சேர்ந்து, பெட்டி நிறையக் கொண்டுவந்த நூல்கண்டுகளை என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தவள். வயது இருபத்தெட்டு. வகுப்புக்கு வந்தவர்களில் பாதிப்பேர் அவளைவிட மூத்தவர்கள். அவர்களில் ஒருத்தி செண்பகவல்லி.

செண்பகவல்லிக்கு ஐம்பத்தொன்று. பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் இருபது வருஷமாகச் சமைக்கிறாள். முந்நூறு பிள்ளைகளுக்கு உலை வைப்பவள் உப்பை ஒருநாளும் அளந்து போட்டதில்லை, ஒருநாளும் கூடியதில்லை, குறைந்ததில்லை. புருஷன் போய்ப் பதினான்கு வருஷம் ஆகிறது. ஒரே மகள் ரஞ்சனி ஆறு வருஷத்துக்கு முன்னால் தனக்குப் பிடித்த பையனைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். பையன் வேறு ஆட்கள். கல்யாணமான நாலாம் நாள் இரண்டு பேரும் சேர்ந்து வந்து வாசலில் நின்று கூப்பிட்டார்கள். உள்ளே தேங்காய் துருவி வைத்திருந்த செண்பகவல்லி, மகள் குரல் கேட்டதும் மிக்ஸி ஜாடியில் ஒன்றும் போடாமலே மூடியை வைத்து ஓடவிட்டாள். வெறும் ஜாடி கத்திக்கொண்டே இருந்தது. நெடுநேரம் கழித்து அதை நிறுத்தியபோது வாசலில் யாரும் இல்லை. உறவுக்காரர்கள் சொல்லி அவள் அப்படிச் செய்யவில்லை, ஊருக்குப் பயந்தும் செய்யவில்லை. அவளாகத்தான் செய்தாள். அதனால் பிற்பாடு கோபித்துக்கொள்ளவும் அவளுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.

மகள் இருக்கும் இடம் அவளுக்குத் தெரியும். திருமங்கலத்தில், மருமகன் வேலை பார்க்கிற பேட்டரிக் கடைக்குப் பின்னால் இரண்டாவது வீடு. பஸ்ஸில் இரண்டு மணி நேரம். அந்தப் பஸ் தினமும் அவள் தெருமுனையில் நின்றுதான் போனது.

வகுப்பு புதன்கிழமைதோறும் மூன்று மணிக்கு. முதல் நாள் கொக்கி ஊசியைப் பிடிக்கவும், இரண்டாம் நாள் சங்கிலி போடவும் கற்றுக்கொடுத்த பெனிட்டா, மூன்றாம் நாள் பிறந்த குழந்தைக்குத் தொப்பி பின்னுவோம் என்றாள். நடுவில் ஆறு கண்ணி, அடுத்த சுற்றில் பன்னிரண்டு, அதற்கடுத்து பதினெட்டு என்று வாய்ப்பாடு மாதிரி அவள் சொல்லச் சொல்ல இருபத்திரண்டு பேரும் எண்ணிக்கொண்டே பின்னினார்கள். எல்லோருக்கும் ஒரே நூல், ஒரே ஊசி, ஒரே கணக்கு. முடித்துத் தரையில் பரப்பியபோது ஒரு தொப்பி எலுமிச்சம்பழம் கொள்ளும் அளவும், ஒன்று பூசணிக்காய் கொள்ளும் அளவும், மற்றதெல்லாம் இடைப்பட்ட அளவுகளிலுமாக இருந்தன. டீக்கடை ராஜகனி பின்னிய தொப்பியில் பின்பக்கம் ஒரு புடைப்பும் இருந்தது. காலையில் புருஷனோடு போட்ட சண்டையையே நினைத்துக்கொண்டு பின்னியதாக அவள் சொன்னாள். வீட்டுக்குக் கொண்டுபோய் அந்த மனிதரின் தலையில் மாட்டிப் பார்த்தால், சின்ன வயதில் கிணற்றுப்படியில் விழுந்து வீங்கி அப்படியே நின்றுவிட்ட மேடுகூட அதில் கச்சிதமாக உட்கார்ந்தது. எலுமிச்சம்பழ அளவுத் தொப்பியைப் பின்னியவள் வீட்டிலே பூனைக்குட்டி ஒன்று இரண்டு நாளாகக் காணாமல் போயிருந்தது.

அடுத்த புதன்கிழமைக்குள் ஊருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. பின்னும்போது யாரை நினைக்கிறோமோ, அவர் எங்கே இருந்தாலும், அன்றைக்கு அவர் இருக்கிற அளவுக்கே பின்னல் வரும். அவ்வளவுதான். இது ஏன் என்று யாரும் அதிக நாள் பேசிக்கொண்டிருக்கவில்லை. நூலில் ஏதோ இருக்கிறது என்று சிலரும், மாடிக்கு வடகிழக்கில் ஜன்னல் இருப்பதால் என்று சிலரும் சொல்லிவிட்டு, இதை வைத்து என்ன செய்யலாம் என்கிற பேச்சுக்குப் போய்விட்டார்கள். துபாயில் இருக்கிற புருஷன்மாருக்குப் பெண்கள் இடுப்புப் பட்டை பின்னி, தொப்பை போட்டவனைப் போனில் கண்டித்தார்கள், இளைத்தவனுக்குப் பருப்புப் பொடி அனுப்பினார்கள். ஹாஸ்டலில் சாப்பிடுகிறேன் என்று பொய் சொன்ன பிள்ளைகள் மாட்டிக்கொண்டார்கள். ஜோதி டைலர் ஒரு வாரம் முறைத்துக்கொண்டு இருந்துவிட்டுப் பிறகு தன் மனைவியையே வகுப்பில் சேர்த்துவிட்டார். களவு போன காளைக்கு ஒருத்தி கழுத்துப் பட்டை பின்னிப் பார்த்து, காளை நல்ல தீனி தின்று கொழுத்திருக்கிறது, எடுத்தவன் வசதியானவன்தான் என்று கண்டுபிடிக்க, அதைப் போலீஸ்காரர்கள் எழுதிக்கொண்டார்கள். ஒரு வீட்டில் மாப்பிள்ளைக்குச் சட்டை பின்னச் சொல்லி உட்கார்த்திய கல்யாணப் பெண்ணின் கையில், மாப்பிள்ளையைவிட ஒரு முழம் உயரமான யாருக்கோ சட்டை வந்துவிட, அந்தக் கல்யாணம் நின்று, அடுத்த தை மாதம் அந்த உயரமானவனுக்கே அவளைக் கொடுத்தார்கள். ஒருத்தி நினைப்புக்கு இன்னொருத்தி பின்ன முடியாது என்பது அதிலிருந்து தெரிந்தது. நினைக்கிறவள் கையே பின்ன வேண்டும்.

சந்தனமாரி என்று ஒருத்தி வகுப்பில் இருந்தாள். லாரியில் வடக்கே போன புருஷன் பதினோரு வருஷமாகத் திரும்பவில்லை. நெற்றியில் பொட்டு மட்டும் தினமும் புதிதாக வைத்துக்கொள்வாள். அவள் அவனுக்காக ஒரு மப்ளர் தொடங்கினாள். எத்தனை கண்ணி போட்டாலும், ஊசியை எடுத்ததும் எல்லாம் சரசரவென்று கழன்று, யாரும் தொடாத நூல் மாதிரி மடியில் நீளமாகக் கிடந்தது. மூன்று தரம் போட்டாள், மூன்று தரமும் அப்படியே. மாடியில் இருந்த இருபத்தொரு பெண்களும் அதைப் பார்த்தார்கள். பிறகு ராஜகனி அந்த நூலை வாங்கி விரலில் தேய்த்துப் பார்த்து, இது மட்டமான நூல், வழுக்குகிறது என்றாள். ஆமாம் வழுக்குகிறது என்றார்கள் எல்லோரும். பெனிட்டா நூல் வாங்கிய குன்னூர்க் கடைக்காரருக்குப் புகார்க் கடிதமே எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அவரும் விஷயம் தெரிந்து, மன்னிப்புக் கேட்டுப் பதில் எழுதி, வேறு நிறத்தில் நாலு கண்டு அனுப்பினார். சந்தனமாரி அதில் தனக்கே ஒரு பை பின்னிக்கொண்டாள். பொட்டை அழிக்கவில்லை. இன்றுவரை அந்த ஊரில் அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

செண்பகவல்லி முதலிலிருந்தே மகளைத்தான் நினைத்தாள். நினைக்கக் கூடாது என்று உட்கார்ந்தாலும் ஊசி அங்கேதான் போனது. ஆனி மாதம் அவள் பின்னிய கையில்லாத ஸ்வெட்டர் ஒல்லியாக, நீளமாக வந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து கதவைச் சாத்திக்கொண்டு மடியில் விரித்தாள். தோள் அகலம் அதே தோள் அகலம். ஆறு வருஷத்துக்குப் பிறகு மகள் அவள் மடியில் கிடந்தாள். அன்று அவள் சோறு பொங்கவில்லை. ஸ்வெட்டரின் கழுத்துப் பக்கத்தை முகத்தில் வைத்துக்கொண்டு அப்படியே படுத்துக்கிடந்தாள்.

ஆடியில் பின்னியதும் அதே அளவு. ஆவணியில் இடுப்பு இரண்டு விரல் தளர்ந்தது. சாப்பாடு சேர்ந்திருக்கிறது என்று நினைத்தாள். புரட்டாசியில் முன்பக்கம் மட்டும் உருண்டு வந்தபோது அவளுக்குப் புரிந்துவிட்டது. ஸ்வெட்டரைத் தரையில் வைத்து, வயிற்றுப் பக்கம் உள்ளங்கையை வைத்து, நாலு மாசம் இருக்கும் என்று கணக்குப் போட்டாள். ஏழாம் மாசம் வளையல் போட வேண்டும். பெற்றவள்தான் போட வேண்டும். பஸ் ஸ்டாப்வரை போனாள். பஸ் வந்தது, நின்றது, கண்டக்டர் இவளைப் பார்த்தார், இவள் ஏறவில்லை. வளையலோடு போனால் போதும், வெறுங்கையோடு போய் வாசலில் நின்று என்ன சொல்வது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பினாள். உண்மை என்னவென்றால், போனால் வாசலில் நிற்க வேண்டும், பின்னினால் மகள் மடியிலேயே இருந்தாள். அது அவளுக்குப் போதுமாக இருந்தது. ரகசியமாக ஒரு பெருமைகூட இருந்தது.

ஐப்பசி இரண்டாம் புதன்கிழமை பின்னியதில் வயிறு இல்லை. இடுப்பு ஆனி மாதத்து இடுப்பாக வற்றியிருந்தது. மார்பளவு மட்டும் குறையவே இல்லை, கூடியிருந்தது. செண்பகவல்லி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிள்ளை இல்லை, பால் மட்டும் வந்திருக்கிறது. மாடிப்படியில் இறங்கும்போது அவளுக்கு முழங்கால் மடங்கியது. ராஜகனி பிடித்துக்கொண்டு என்ன மதினி என்று கேட்டதற்கு, வெயில் என்றாள். அன்று ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்தது.

அந்த வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உப்பில்லாத சாம்பார் சாப்பிட்டார்கள். இப்போதே போக வேண்டும் என்று தினமும் காலையில் நினைத்தாள். போய், என்ன என்று கேட்டால், எப்படித் தெரியும் என்று அவள் கேட்பாள். ஆறு வருஷமாக வராதவள் இதற்கு மட்டும் வந்துவிட்டாயே என்று கேட்பாள். அழுது ஓயட்டும், உடம்பு கொஞ்சம் தேறட்டும், அடுத்த புதன்கிழமை அளவைப் பார்த்துவிட்டுப் போகலாம். அடுத்த புதன்கிழமை மார்பளவு இறங்கியிருந்தது. அதற்கடுத்த புதன்கிழமை தோள்கூட ஒடுங்கியிருந்தது. ஒவ்வொரு அளவும் அடுத்த அளவைப் பார்க்கச் சொன்னது. கார்த்திகை போனது, மார்கழி போனது, தையும் போனது.

இதற்கிடையில் ஊருக்கு இன்னொன்றும் தெரிந்திருந்தது. கை பழகாதவர்களுக்குத்தான் இந்த அளவு வரும். கண்ணிகள் ஒரே சீராக விழத் தொடங்கிவிட்டால் பின்னல் கணக்குப்படி வரும், வேறு ஒன்றும் சொல்லாது. முதலில் ராஜகனிக்குப் போனது, பிறகு ஜோதி டைலர் மனைவிக்கு. அதிலிருந்து பெண்கள் பழகாமல் இருப்பதற்காகப் பாடுபட ஆரம்பித்தார்கள். சிலர் இடது கையால் பின்னினார்கள். சிலர் விரலில் துணி சுற்றிக்கொண்டார்கள். சிலர் டீச்சர் சொல்லும்போது காதில் விழாத மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் வகுப்பு நாற்பது பேராகப் பெருகியிருந்தது. பெனிட்டா ஒருநாள் ஊசிகளை எடுத்து வைத்துவிட்டு, எட்டு மாசமாக நாற்பது பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒருத்தருக்கும் இல்லையே என்று கண் கலங்கினாள். எல்லோருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் கற்றுக்கொள்வதாக யாரும் சொல்லவில்லை.

செண்பகவல்லிதான் அதிகம் பாடுபட்டாள். இருபது வருஷம் கரண்டி பிடித்த கை, எதையும் இரண்டு தரம் செய்தால் மூன்றாம் தரம் தானாகச் செய்துவிடும். அவள் வேண்டுமென்றே கண்ணியை விட்டாள், எண்ணிக்கையைக் குழப்பினாள், வீட்டில் ஊசியைத் தொடவே மாட்டாள். ஆனாலும் சோறு வடிக்கும்போது விரல்கள் தாமாகவே காற்றில் நூலைச் சுற்றி இழுத்துக்கொண்டிருக்கும். அவள் அந்தக் கையை மற்றக் கையால் பிடித்துக்கொள்வாள்.

மாசி மாதத்தில் ஒரு புதன்கிழமை அவள் முடித்து வைத்த ஸ்வெட்டரைப் பெனிட்டா எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஓரம் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. ஒரு கண்ணிகூடப் பெரிதில்லை, சிறிதில்லை. அளவு, கரும்பலகையில் எழுதிப்போட்டிருந்த அதே அளவு. பெனிட்டாவின் முகம் அப்படி மலர்ந்ததை அந்த வகுப்பில் யாரும் அதுவரை பார்த்ததில்லை.

"அக்கா, இதுதான் வேலை. எங்க குன்னூர்லகூட இப்படிப் பின்ன ஆள் கம்மி" என்றாள்.

செண்பகவல்லி அதைக் கையில் வாங்கினாள். தடவிப் பார்த்தாள். அது யாருடைய அளவும் இல்லை. பக்கத்தில் இருந்தவளின் நூலை வாங்கி மறுபடி ஆரம்பித்தாள், இடது கையால் ஆரம்பித்தாள், கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். மூன்றும் கரும்பலகை அளவே வந்தன. அப்போதுதான் அவள் அழுதாள். பெனிட்டா தான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று தெரியாமல் அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். மற்றவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் தங்கள் தங்கள் பின்னலை இன்னும் கொஞ்சம் கோணலாகப் பின்னினார்கள்.

அதன் பிறகு மூன்று வாரம் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. மகள் தேறினாளா, இன்னும் ஒடுங்கினாளா, இருக்கிறாளா என்பதுகூடத் தெரியவில்லை. இந்த ஊரில் வேறு எல்லோருக்கும் எப்போதும் இருக்கிற தெரியாமைதான் அது. அவளால்தான் தாங்க முடியவில்லை. பங்குனி பிறந்து நாலாம் நாள், சத்துணவுக் கூடத்தில் பதிலுக்கு ஆள் போட்டுவிட்டு, ஒரு பொட்டலம் சேவும் நாலு முழம் மல்லிகையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் நகர்ந்தார்.

வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. ரஞ்சனி தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிழல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

"வாம்மா" என்றாள்.

காலையில் கடைக்குப் போய்விட்டு வந்தவளிடம் சொல்வதுபோலச் சொன்னாள். எழுந்து வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் ஃபேனுக்கு நேராக உட்கார வைத்தாள். உனக்குத் தலை இப்படி நரைத்துவிட்டதே என்றாள், முழங்கால் வலி இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள், பூவை வாங்கி அப்போதே வைத்துக்கொண்டாள். மகளின் தோள் கொஞ்சம் தேறியிருந்தது. செண்பகவல்லி அதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். வரும் வழியெல்லாம் சொல்ல வேண்டும் என்று சேர்த்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் தேவைப்படவில்லை. இவ்வளவு சுலபமா என்று அவளுக்கு இருந்தது. அந்தச் சுலபம்தான் அவளை ஏமாற்றிவிட்டது.

மறுபடி கீரையின் முன்னால் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு ரஞ்சனி சொன்னாள்.

"உனக்குத் தெரியாதும்மா. ஒரு பிள்ளை உண்டாகி, அஞ்சாம் மாசம் தங்காமப் போச்சு."

அந்த இடத்தில் செண்பகவல்லி கொஞ்சம் அதிர்ந்திருந்தால் போதும். ஐயோ என்று ஒரு வார்த்தை சொல்லி நெஞ்சில் கை வைத்திருந்தால் போதும். அவளுக்கு அது தோன்றவும் செய்தது. ஆனால் இத்தனை மாசம் தனியாகச் சுமந்ததை இப்போதாவது மகளோடு சேர்ந்து இறக்கி வைக்கலாம் என்று நினைத்தாள். நீ அழுத அன்றைக்கு நானும் அழுதேன் என்று சொன்னால் மகளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தாள்.

"தெரியும்டி" என்றாள்.

வகுப்பைப் பற்றிச் சொன்னாள். ஒவ்வொரு மாதத்து அளவையும் சொன்னாள். வயிறு வற்றியதையும், பால் கட்டியதையும், படியில் முழங்கால் மடங்கியதையும் சொல்லிச் சொல்லி அழுதாள். கல்லூரணித் தொப்பி கதை திருமங்கலம்வரை வந்திருந்ததால், அது எப்படி என்று ரஞ்சனி கேட்கவில்லை. கீரைக் கட்டைக் கீழே வைத்துவிட்டு வேறொன்று கேட்டாள்.

"எப்பத் தெரியும்?"

"ஐப்பசியிலே."

"இது பங்குனி" என்றாள் ரஞ்சனி.

தெருவில் யாரோ பேட்டரிக் கடைக்கு வழி கேட்டுப் போனார்கள். ரஞ்சனி ஆய்ந்த கீரையை ஒரு பக்கமும் காம்புகளை ஒரு பக்கமுமாக ஒதுக்கினாள். பிறகு, கோபமே இல்லாத குரலில் சொன்னாள்.

"ஆஸ்பத்திரியில கிடந்தப்ப அவரு கேட்டாரு, உங்கம்மா ஒரு எட்டு வந்து பாத்திருக்கலாம்லன்னு. அவளுக்குத் தெரியாது, தெரிஞ்சிருந்தா அலறியடிச்சுக்கிட்டு ஓடி வந்திருப்பான்னு சொன்னேன். வீட்டுக்கு வந்த பொறவும் தினமும் அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தேன். அவருக்கும் சொன்னேன், எனக்கும் சொல்லிக்கிட்டேன்."

செண்பகவல்லி சேவுப் பொட்டலத்தை எடுத்து மகள் பக்கம் தள்ளி வைத்தாள்.

ரஞ்சனி கீரையை அள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். தண்ணீர் விழும் சத்தம், அடுப்பு பற்றும் சத்தம், தாளிக்கும் சத்தம் எல்லாம் வரிசையாகக் கேட்டன. செண்பகவல்லி ஃபேனுக்கு நேராக, உட்கார வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். எழுந்து போய்க் கூடமாட ஏதாவது செய்யலாம் என்று இருந்தது. இது யார் வீடோ என்பதுபோல உடம்பு எழவில்லை. அரை மணி நேரம் கழித்து ரஞ்சனி வந்து, பாயை விரித்து, தட்டை வைத்து, தம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்தாள். எல்லாம் ஒரு குறையும் இல்லாமல் செய்தாள்.

"கை கழுவிட்டு உக்காருங்க. சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள்.

பிறந்ததிலிருந்து அவள் அம்மாவை நீங்க என்று சொன்னதில்லை. செண்பகவல்லி கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தாள். சோறும் கீரையும் ரசமும் வந்தன. உப்பு சரியாக இருந்தது. அவளுக்குப் பசி இல்லை. ஆனாலும் தட்டில் போட்டதையெல்லாம் சாப்பிட்டாள், இன்னும் கொஞ்சம் என்று கேட்டாள், ரஞ்சனி குனிந்து போட்டாள். அதையும் சாப்பிட்டு முடித்து, மறுபடியும் இன்னும் கொஞ்சம் என்று கேட்டாள்.